ஆறரை மணிப் பூசை

"அங்கிள், நேத்து ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

கேட்டவள் தாதி முனீரா. காலையிலிருந்து இதைக் கேட்கும் மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரிடமும் "தண்ணிகூடக் குடிக்கல" என்று சொன்ன லாசரஸ், இந்த முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பச்சை கவுனும் காகிதத் தொப்பியுமாகக் கட்டிலில் உட்கார்ந்து மகள் ஷாரனைப் பார்த்தார்.

அப்பாவுக்குக் குடலிறக்கம். காலையில் வந்து ஆபரேஷன் செய்துகொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம், அவ்வளவு சுலபமானதுதான். ஆனால் போன தடவை இருமல் என்று தேதி தள்ளிப்போனது. போன வாரம் சிராங்கூன் ரயில் நிலையத்தில் வலி தாங்காமல் அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா மெல்பர்னில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பொறுப்பெல்லாம் ஷாரன் தலையில். சுவா சூ காங்கிலிருந்து காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பி, தோ பாயோவில் அப்பாவை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பா, என்ன சாப்பிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"சாப்பிடல. காலையில நன்மை வாங்கினேன்."

முனீராவுக்குப் புரியவில்லை. அது என்ன பலகாரம், எந்தக் கடையில் வாங்கினார் என்று கேட்டாள். ஷாரன் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். பூசையில் ஃபாதர் கொடுக்கும் நற்கருணை. மெல்லிய அப்பம், நாக்கில் வைத்தால் கரைந்துவிடும்.

"ஆறரை மணிப் பூசை, நம்ம கோயில்லயே. ஆபரேஷனுக்கு முன்னாடி ஃபாதர் கையால வாங்கிடணும்னு தோணுச்சு லா" என்றார் லாசரஸ் பக்தியோடு.

முனீரா நல்ல பெண். ஆனாலும் சாப்பிட்டார் என்று குறிப்பதா, இல்லை என்று குறிப்பதா என்று தெரியாமல் விழித்தாள். மயக்க மருந்து டாக்டரைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஷாரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு அப்பாவிடம் கெஞ்சினாள். ஒரு காசு அளவுகூட இல்லாத அப்பம், அதுவும் எப்போதோ கரைந்திருக்கும், ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

லாசரஸ் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆண்டவரை வாங்கின வாயால பொய் சொல்லச் சொல்றியா?"

ஷாரனால் திட்டவும் முடியவில்லை. பன்னோ பராட்டாவோ தின்றிருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பாள். நன்மை வாங்கிவிட்டு வந்த மனிதரை என்னவென்று திட்டுவது? அழுகைதான் வந்தது.

முனீராவோடு மயக்க மருந்து டாக்டர் வந்தார். சீனப் பெண்மணி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்பம் எவ்வளவு பெரியது என்று விரலால் காட்டச் சொன்னார். லாசரஸ் காட்டினார். கொஞ்சம் பெரிதாகவே காட்டினார். டாக்டர் யோசித்தார். துளியாக இருந்தாலும் உணவு உணவுதான், ஆறு மணி நேரம் ஆகவேண்டும் என்பதுதான் இங்கே விதி, மதியம் இடமே இல்லை, வேறு தேதிதான் பார்க்கவேண்டும் என்றார். அனேகமாக இரண்டு மாதம் ஆகும். வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.

"ஆண்டவர் சித்தம்" என்று பெருமூச்சு விட்டார் லாசரஸ்.

ஆனால் அந்தப் பெருமூச்சுக்குப் பிறகு அவர் முகத்தில் வந்த தெளிவைப் பார்க்கவேண்டுமே. காகிதத் தொப்பியைக் கழற்றி மடித்தார். கால்சட்டையை எடுத்துத் தரச் சொன்னார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, போகிற வழியில் தேக்காவில் இறங்கி ஆளுக்கு ரெண்டு பராட்டா சாப்பிட்டுப் போகலாம் என்றார். இரண்டு மாதத்துக்குள் மறுபடி வலி வந்தால், அதுவும் அவர் தனியாக இருக்கும்போது வந்தால் யார் பார்ப்பார்கள் என்று ஷாரன் நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் துணிப்பையைத் தேடினாள்.

முனீரா, லாசரஸின் இடத்தை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடச் சொல்வதற்காகத் தொலைபேசியை எடுத்தாள்.

"மிஸ்ஸி, கொஞ்சம் இருங்க. போன் பண்ணாதீங்க."

குரல் பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது. நடுவிலிருந்த திரையை ஒரு கை விலக்கியது. அங்கேயும் ஒரு பச்சை கவுன், ஒரு காகிதத் தொப்பி. முழங்கால் ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தவரைப் பார்த்ததும், கால்சட்டைக்குள் ஒரு காலை விட்டிருந்த லாசரஸ் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய பங்குச் சாமியார், ஃபாதர் டெரன்ஸ்.

"பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க லாசரஸ், எனக்கும்தான் பயமா இருக்கு. விடியறதுக்கு முன்னாடியே வந்து பட்டினியா இங்க படுத்திருக்கேன், அதனால இன்னைக்கு நம்ம கோயில்ல பூசையே கிடையாது. அப்புறம் உங்களுக்கு நன்மை கொடுத்தது யாரு?"