ஆமென் சொல்லாதவள்

உகாண்டா மருத்துவமனையில், இன்று தாங்காது என்று நர்ஸ் கைவிரித்த கிழவரின் கட்டிலை மட்டும் ஊழியத்துக்கு வந்திருந்த சாயர்புரத்து ஜெபக்குழு தாண்டிப் போனது. துணைக்கு ஆளில்லாத கிழவர்.

"பிழைக்கிறவங்கதாம்மா நம்ம ஊர்ல போய்ச் சொல்லச் சாட்சி" என்றார் பாஸ்டர் ஞானசிகாமணி.

குழுவில் வந்திருந்த பொன்ஜெபா அதைக் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, கிழவரின் நெற்றியில் கைவைத்துக் கண்ணை மூடினாள். ஆமென் சொல்லி முடிக்கும்வரை ஜெபிக்கிற ஆளை யாரும் தொடக்கூடாது என்பது பாஸ்டரே போட்ட சட்டம்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

"எம்மா, சட்டுனு முடி!"

"ஆண்டவரே," அவள் குரலை உயர்த்தினாள், "பாஸ்டர் அவசரப்படுதாரு. இவரு மூச்சு அடங்குத வரைக்கும் நான் ஆமென் சொல்லப்போறதில்லன்னு அவருகிட்ட நீரே சொல்லும்."

ஹாரன் மறுபடி அலறியது. பொன்ஜெபா தன் தெருவின் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தாள்.