கைக்கு வந்த பந்து

1996. கைக்கு வந்த பந்தை அருள்குமார் விட்டதால் சோமனூர் பேஸ்பால் டீம் தோற்றது. முதலாளி டீமை மதுக்கரைக்கு மாற்றிவிட்டார். அருள்குமாரை மட்டும் கழற்றிவிட்டார்.

“‘உடு, நான் புடிக்கறேன்’னு கவின் கத்துனானுங்க. அதான் உட்டுப்போட்டேன்,” என்றான் அருள்குமார்.

“நான் வாயே தொறக்கலீங்க,” என்றான் அதே டீமில் ஆடிய கவின்.

“அதைக் கேட்ட ஆள் ஒருத்தரைக் கூட்டியா. உன்னையும் சேத்திக்கறேன்,” என்றார் முதலாளி.

அருள்குமார் தன் நண்பனான என்னைக் கூட்டிப் போனான். “இவன் கேலரில முன்வரிசைல இருந்தானுங்க.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க,” என்றேன்.

வெளியே வந்ததும் அவன் என்னைத் திட்டவில்லை. “போச்சாது போ, நீயாச்சும் நெசம் பேசுனியே,” என்று டீ வாங்கிக் கொடுத்தான்.

குடித்தேன். அன்று கேலரியிலிருந்து கவின் குரலில் விளையாட்டுக்குக் கத்தியது நான்தான்.