இருக்கேங்க

வந்து பாருங்கள் இந்த அநியாயத்தை. இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், செத்துப்போனவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

“நாகலெட்சுமி.”

கங்காணி அழகனின் குரல் பனிக்குள்ளிருந்து வருகிறது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு அது. கடைசி வரிசையில் அகெல்லோ நிற்கிறாள்.

நாகலெட்சுமி அவளுடைய மாமியார். நெஞ்சு நோவில் கண்ணை மூடி வெகுகாலமாகிறது.

தோட்டத்தில் பெயர் இல்லாத குடும்பத்துக்கு லயத்து வரிசை வீட்டில் இடமில்லை. புதிதாக எவர் பெயரையும் பதிவதில்லை, அதிலும் வெளிநாட்டுக்காரியின் பெயரையா என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சிரித்தார். பழைய பெயருக்கு ஆள் வந்தால் போதும் என்றார். ஆகவே மருமகள் செடி கிழிக்காமலிருக்க மாமியாரின் முரட்டுப் படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். மாமியாரின் கூடையை முதுகில் போட்டாள். மாமியாரின் பெயருக்குக் குரல் கொடுத்தாள்.

இது அவளுக்குப் புதிதன்று. உகாண்டாவில் பிறந்தவள். பிழைக்கப் போன கென்யாவிலும் அயல்நாட்டுக்காரியாக, எவளோ ஒருத்தியின் பெயரில்தான் கொழுந்து பறித்தாள். பிறகு போன துபாயில், பாத்திரம் கழுவும் இடத்தில், இந்தத் தோட்டத்துப் பிரதாப்தான் அவளை அவள் பெயரால் கூப்பிட்டான். அதற்காகவே அவனைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தாள்.

இருநூறு வருடமாக எந்த ஊர் என்று கேட்கப்பட்டே வளர்ந்த தோட்டத்துச் சனம், அவளையும் எந்த ஊர் என்றுதான் கேட்டது.

முதல் நாள் பெரட்டில் “இருக்கேன்” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். நாத்தனார் பூரணிதான் வீட்டில் திருத்தினாள்.

“‘ங்க’ போடுங்க அண்ணி. இல்லாட்டி அழகன் மாமா மொகத்தத் தூக்கி வச்சுக்குவாரு.”

அன்றிலிருந்து ஒரு நாளும் அவள் ‘ங்க’வை விட்டதில்லை.

இன்றும் விடவில்லை.

“இருக்கேங்க.”

அழகன் நிமிரவில்லை. அவள் இன்னும் உரக்கச் சொல்கிறாள். பக்கத்தில் நிற்பவள்கூடத் திரும்பவில்லை.

அகெல்லோ இடுப்பைத் தடவுகிறாள். படங்கு இல்லை.

அது முன்வரிசையில் இருக்கிறது. இதுவரை அட்டன் நகரத்துத் துணிக்கடையில் வேலைக்கு நின்ற பூரணியின் இடுப்பில். அழுது வீங்கிய முகத்தோடு பூரணி வாயைத் திறக்கிறாள்.

“இருக்கேங்க.”

அழகன் அடுத்த பெயருக்குப் போகிறார்.

முந்தாநாள் மலையில் குளவிக்கூடு கலைந்தது. எல்லோரும் ஓடினார்கள். படங்கு செடியில் சிக்கிக்கொண்டதால் ஒருத்தியால் மட்டும் ஓட முடியவில்லை.

தோட்டத்தில் யாரும் சாகவில்லை என்கிறார் துரை. நாகலெட்சுமி இதோ இன்று காலையும் குரல் கொடுத்தாளாம். அகெல்லோ என்றொருத்தி இங்கே வேலை செய்ததே இல்லையாம்.

படிக்கிறவர்களே, நீங்கள் கூப்பிடுங்கள். துரையின் பங்களாவுக்கு முன்னால் நின்று, அகெல்லோ என்று அவள் பெயரைக் கூப்பிடுங்கள்.

கடைசி வரிசையில் அவள் பதிலோடு நிற்கிறாள்.