ரிஜெக்ட்

"மறுபடியும் எடுத்துட்டியா? என்னம்மா நீ!"

மகள் கத்திய பிறகுதான் அவள் தன் வலது கையைப் பார்த்தாள். விரல் நுனியில், பசை சொட்டச் சொட்ட, முறிந்த பாஸ்தாத் துண்டு ஒன்று.

எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை எடுத்துவிட்டது.

கையையும் குற்றம் சொல்ல முடியாது. பாஸ்தா கம்பெனியில் காலையிலிருந்து மாலை வரை அது பார்க்கிற வேலையே இதுதான். முன்பு வெட்டும் மெஷினில் இருந்தாள், இப்போது பெல்ட். ஓடி வருகிற பாஸ்தாவில் உடைந்தது, விரிசல் விட்டது, கருகியது எல்லாவற்றையும் பொறுக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். கண் பார்க்கும், கை பொறுக்கும். மூளைக்கு அங்கே வேலையில்லை. அது பாட்டுக்கு வீட்டுக் கவலைகளை மேய்ந்துகொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், சாப்பாட்டு மேசை முழுக்கப் பாஸ்தா.

குழாய், வில், சங்கு, சுருள். பார்த்துப் பார்த்துச் சலித்த அதே முகங்கள். கணவன் கடைக்குப் போய், அத்தனை பாக்கெட்டுக்கு நடுவில் அவள் கம்பெனிப் பாக்கெட்டையே தேடி வாங்கி வந்திருந்தான். அதைப் பாசம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தான்.

நாளைக்குப் பள்ளியில் பெற்றோர் நாள். ஒவ்வொரு பிள்ளையும் பாஸ்தாவால் ஒரு படம் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். வகுப்புச் சுவரில் மாட்டுவார்கள்.

போன வருடமும் இதே கூத்துதான். மகள் ஒரு கோணல் வீடு ஒட்டினாள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சுவரை நிமிர்த்தி, கூரையைச் சீராக்கி, குடிபுகலாம் போல ஆக்கிக் கொடுத்தாள். டீச்சர் பார்த்தார். "அம்மா ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க" என்று சிரித்தார். படத்தைச் சுவரில் மாட்டாமல் அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

அந்தக் கோபம் மகளுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த வருடம் அம்மாவுக்குக் கிடைத்த அனுமதி, பசைப் புட்டியைப் பிடித்துக்கொள்ள மட்டும்.

என்ன படம் என்று கேட்டால், முடித்ததும் தெரியுமாம். அட்டையின் நடுவில் சங்குப் பாஸ்தாவால் ஒரு வட்டம். அதிலிருந்து குழாய்கள் கிளம்புகின்றன. நாலு மேல் நோக்கி. ஒன்று மட்டும் மற்றவர்களோடு சண்டை போட்டதுபோலப் பக்கவாட்டில்.

"சூரியனாடி?"

"இல்ல."

"சீப்பு" என்றான் கணவன், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து. "பல்லு ஒடஞ்ச சீப்பு."

"அப்பா, நீங்க போய் அடுப்பப் பாருங்க."

சூரியன்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சூரியன் என்றால் கதிர் ஒழுங்காக இருக்க வேண்டாமா? மேலே போகிற நாலில் ஒன்று பாதியில் முறிந்த குழாய். பாக்கெட் நிறைய முழுசு முழுசாகக் கிடக்க, இந்தப் பெண் முறிந்ததைத் தேடிப் பிடித்து ஒட்டுகிறாள். அம்மா அதை எடுத்துவிட்டு முழுசை வைக்கிறாள். மகள் முழுசைப் பிடுங்கிவிட்டு முறிந்ததை வைக்கிறாள். பசை குடித்துக் குடித்து அட்டை அந்த இடத்தில் நைந்தே போய்விட்டது.

"நாளைக்கு எல்லா அம்மா அப்பாவும் வந்து பாப்பாங்கடி. பாஸ்தா கம்பெனிக்காரி வீட்டுல நல்ல பாஸ்தாவுக்கு வழியில்லையான்னு கேக்க மாட்டாங்க? யார் மானம் போகும்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே கை முறிந்த துண்டைப் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஒரு முழுக் குழாயை அங்கே நட்டுவிட்டது.

"அது ஒடஞ்சுதான் இருக்கணும்" என்றாள் மகள்.

"அதான் ஏன்னு கேக்கறேன்."

மகள் ஒரு பெருமூச்சு விட்டாள். மக்குப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன டீச்சர் விடுகிற பெருமூச்சு அது. நாற்காலியிலிருந்து இறங்கினாள். மேசையைச் சுற்றி வந்தாள். அம்மாவின் பக்கத்தில் குனிந்தாள்.

மேசைக்கு அடியில், மடியில், இடது கை இருந்தது. வீட்டில் அது இருக்கிற இடம் அதுதான். பள்ளிக்குப் போனால் கைப்பைக்குப் பின்னால். போட்டோ எடுத்தால் மகளின் முதுகுக்குப் பின்னால்.

மகள் அதை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தாள். அட்டைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"ஆட்டாம வை. நீ காட்டவே மாட்டேங்கற. நான் எப்படித்தான் பாத்து ஒட்டறதாம்?"

மேசையில், வெட்டும் மெஷின் விட்டுவைத்த நாலரை விரல்.

அட்டையில், அவள் திருத்திய புண்ணியத்தில், முழுசாக ஐந்து.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

அவள், தான் நட்ட முழுக் குழாயைத் தானே பிடுங்கினாள். கிண்ணத்தில் கிடந்த முறிந்த துண்டை எடுத்தாள். கட்டைவிரலுக்கு அடுத்த விரலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பெல்ட்டில் பழகிய கண். தப்பு உடனே தெரிந்துவிட்டது.

"நீளமா இருக்குடி. எனக்கு இவ்ளோ இல்ல."

துண்டை வாயில் வைத்து நுனியைக் கடித்துத் துப்பினாள். பசை கசந்தது. மறுபடி விரலோடு வைத்துப் பார்த்தாள்.

சரியாக இருந்தது.

அதை மகளிடம் நீட்டிவிட்டு, தனக்கு அனுமதித்திருந்த வேலைக்குத் திரும்பினாள். பசைப் புட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

இடது கையால்.