அட்டையில்லாத கெசட்

"சேர், அந்தக் கெசட்ட நாலு மாசத்துக்கு முந்தியே வீட்டம்மாகிட்ட குடுத்துட்டேனுங்களே. அவங்களே உங்ககிட்ட குடுக்கிறதா சொன்னாங்க."

நுவரெலியா பஜாரில் கெசட் கடை வைத்திருந்த லெட்சுமணன் இப்படிச் சொன்னதும் தம்பிராசா மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது. கூட வந்த இராமையா வேறு பக்கம் பார்த்தார்.

பின்னே? ரெட் லான்டர்ன்ஸ் என்ற ரொக் குழு கொழும்பு மேடையில் வாசித்ததை அப்படியே பதிந்த ஒலிநாடாக் கெசட் அது. ஒருமுறைதான் வெளிவந்தது. வெளியிட்ட கம்பனியையும் இழுத்து மூடிவிட்டார்கள். அந்தக் கச்சேரியில் தான் முன்வரிசையில் இருந்த கதையை மாஸ்டர் இருபது வருஷமாகச் சொல்லி வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியர் எவரும் அதைக் கேட்காமல் தப்பியதில்லை.

சக ஆசிரியரான இராமையா ஒருபடி மேலே போய், அதை ஞாயிறு பத்திரிகைக்கு எழுதவே புறப்பட்டிருந்தார். லெட்சுமணனிடம் தேடச் சொல்லியிருந்த கெசட் ஒன்றுதான் குறை.

இராமையாவோடு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாஸ்டர் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் ஒளிச்சு வைச்சனீர், புனிதவதி?"

"ஒரே இரைச்சலெண்டு எடுத்து வைச்சனான்."

அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து கெசட்டை மட்டும் எடுத்துவந்து நீட்டினாள்.

பக்திப் பாட்டைத் தவிர வேறொன்றும் ஏறாத காது, இப்படி ஒருத்தியோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டுகிறேனே என்று மாஸ்டர் இராமையாவிடம் நொந்துகொண்டார். அவள் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

கெசட் ஓடியது. கிட்டார் அலறி ஓய்ந்ததும், கைதட்டலுக்கு நடுவே ஒரு விசில் கிளம்பியது.

"கேட்டீரோ இராமையா? அது நான்தான்." மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

இராமையா அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"கெசட்டோட அட்டை இருந்தா ஒரு படம் புடிச்சுக்கலாங்க."

"எலி கடிச்சுப்போட்டுது, தம்பி. என்ரை பிழைதான்," என்றாள் புனிதவதி.

இராமையா படியிறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மாஸ்டர், பிறகு அவள்மேல் பாய்ந்தார். நாட்டிலேயே கிடைக்காத சாமானை எலிக்குத் தீனியாக்கினாளே, அவளுக்கு இதன் அருமை தெரியுமா என்று கேட்டார்.

அவள் உள்ளே போய், கசங்காமல் மடங்காமல் இருந்த அட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"பின்பக்கத்தைப் பாருங்கோ. அந்தத் தம்பி இதைப் பார்த்திருந்தால் உங்களை என்னெண்டு நினைச்சிருப்பார்?"

பதிவு செய்த நாள், 1979 செப்டெம்பர் 2 என்றிருந்தது.

மாஸ்டர் மெல்ல நிமிர்ந்தார். இவ்வளவு நேரமும் இராமையா உட்கார்ந்திருந்த கதிரைக்கு நேர் மேலே, யாழ்ப்பாணத்தில் அவர் புனிதவதிக்குத் தாலி கட்டுகிற படம். அதன் கீழே வெள்ளை எழுத்தில் அதே திகதி.