ரோஹிணியின் முழங்கால்

ரோஹிணி அடித்த பந்து கோல்கீப்பரின் விரலில் பட்டு வலைக்குள் போனது. மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

சுலோசனா தட்டவில்லை.

கல்கத்தா கிளப் ஒன்றின் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அது. நல்ல ஆட்டக்காரிகளைத் தேடிப் பிடித்து வரும் ஸ்கவுட் சுலோசனா. முடிவு பயிற்சியாளர் அனிமேஷுடையது. ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன யாரையும் அவர் இதுவரை எடுத்ததில்லை. அவள் கண் தப்பாது என்று பெயர்.

ரோஹிணியை அவள் அழைத்து வரவில்லை. கரியாஹாட்டில் இட்லிக் கடை நடத்தும் சாவித்ரியின் மகள். பத்தொன்பது வயது. கேள்விப்பட்டுத் தானாகவே வந்திருந்தாள்.

அனிமேஷ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இவளை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?" என்று வங்காளத்தில் கேட்டார். பார்வை ரோஹிணியை விட்டு நகரவில்லை.

சுலோசனா ரோஹிணியைக் கூப்பிட்டுப் புல்லில் உட்காரச் சொன்னாள். வலது முழங்காலைப் பிடித்து மடக்கினாள், நீட்டினாள், பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாள்.

"லிகமென்ட் போயிருக்கு. ஒரு சீசன் தாங்காது" என்றாள் அனிமேஷிடம்.

ரோஹிணிக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். துள்ளி எழுந்தாள்.

"எனக்கு வலியே கிடையாது தீதி. முட்டியில அடிபட்டதே இல்ல."

வலது காலில் மட்டும் நின்று குதித்துக் காட்டினாள். பிறகு ஒரு கோல் கம்பத்திலிருந்து எதிர்க் கம்பம் வரை பாய்ந்து ஓடினாள். சட்டென்று திரும்பி, அதே வேகத்தில் வந்தாள். மூச்சு வாங்கியபடி சுலோசனாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் ஓடினாள்.

காத்திருந்த மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நல்லாத்தானே ஓடறா?" என்றார் அனிமேஷ்.

"ஸ்ட்ரெச்சர்ல தூக்கணும்னா எடுங்க. நான் பொறுப்பில்ல."

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

ரோஹிணி சுலோசனாவின் அருகில் வந்தாள். கன்னத்துச் சேற்றில் கண்ணீர் இறங்கியது.

"நீங்க தமிழ்னு தெரிஞ்சப்ப சந்தோஷப்பட்டேன். நான் மேல வந்தா உங்களுக்கு என்ன தீதி கெட்டுப்போகுது?"

"வீட்டுக்குப் போம்மா."

ரோஹிணி பையைத் தூக்கிக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை அழுதுகொண்டே போனாள். சாலையைக் கடந்து அவள் பஸ் ஏறும்வரை சுலோசனா வேறெதையும் பார்க்கவில்லை.

மாலையில் சுலோசனா கிடர்பூருக்குப் போனாள்.

துறைமுகக் குடியிருப்பின் மாடியில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு கோமதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சென்ற வருடத் தேர்வில் எல்லோரையும் மிஞ்சியவள். சுலோசனாதான் அவளைக் கண்டுபிடித்து அனிமேஷின் முகாமுக்கு அனுப்பினாள்.

துர்கா பூஜைக்கு முன்பே கோமதி திரும்பி வந்துவிட்டாள். ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்க வா என்று அனிமேஷ் தன் அறைக்கு அழைத்ததையும், உள்ளே போனதும் கதவைப் பூட்டியதையும், பிறகு நடந்ததையும் கிளப்பில் சொன்னாள். சுலோசனா அவள் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாள். ஆதாரம் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வேலையை உதறிவிடுவதாக இருந்த சுலோசனாவைத் தடுத்தவள் கோமதிதான். நீங்க போயிட்டா வேற யாராவது பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து அவர்கிட்ட விடுவாங்க என்றாள்.

இப்போது சுலோசனா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு பொண்ணு வந்தா. உன்னைவிட நல்லா ஆடினா. முட்டி இரும்பு மாதிரி இருந்துச்சு. போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"அழுதாளா?"

"ரொம்ப."

கோமதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அழட்டும் தீதி" என்றாள். "வீட்டுக்குத்தானே போனா."