ஒன்பது முதல் ஐந்து வரை

காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தயாபரன் எட்டு மணிக்கே கடல் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் மோட்டாரை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டான். கரண்ட் போனால் பேட்டரியில் தானாக ஓடும் காற்றுப் பம்பின் குழாயையும் நீரில் இறக்கினான். தண்ணீர் சூடேறினால் மிதக்கவிட ஐஸ் பாட்டில்கள் ஃப்ரீசரில் இருந்தன.

“என்னங்க, பதினோரு மணிக்கு எனக்கு ஆன்லைன்ல இண்டர்வியூ. மோடம் இன்வெர்ட்டர்லதானே இருக்கு?” என்றாள் சுகுணா.

“ம்” என்றான். மோடத்தைப் பிடுங்கிச் சுவர் பிளக்கில் செருகிவிட்டுத்தான் அந்த இடத்தில் மோட்டாரை மாட்டியிருந்தான்.

ஒன்பது ஆயிற்று. ஃபேன் சுற்றியது. பத்தும் ஆயிற்று. ஐஸ் பாட்டிலை வெளியே எடுத்தான், மறுபடி உள்ளே வைத்தான். பவளம் விரல்களை விரித்து நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. இந்த நிமிடம் கரண்ட் போகலாம். அடுத்த நிமிடம் போகலாம்.

பதினொன்று இருபதுக்கு எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினான்.

ஃபேன் நின்றது. தொட்டிக்குள் குமிழிகள் கிளம்பின. கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டான். காலையிலிருந்து முதல்முறையாக அவனுக்கு மூச்சு சீரானது.

மூடிய கதவுக்குப் பின்னால் சுகுணா, “ஹலோ… சார்… ஹலோ…” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். தொட்டி ஐந்து மணி வரை தாங்கும் என்று தோன்றியது.